குடும்ப நலம்: எத்தனை நடை?

சதுரங்கப்பட்டினத்துக் கடலோரத்தில் சிதைந்து நிற்கும் டச்சுக் கோட்டையை நம் வாசகருள் பலர் பார்த்திருப்பர். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்து நாட்டு வணிகர் அங்கே தங்கி, இவ்வட்டார நெசவாளர் நெய்த மெல்லிய துணிகளைக் கப்பலேற்றினர். வந்த பொதி எத்தனை, சென்ற பொதி எத்தனை, ஆதாயம் எவ்வளவு என்று கணக்கெழுதுவதில் அவர்கள் வல்லவர்கள். ஆயினும், கோட்டைக்குள் உள்ள கல்லறைகளின் முன் நிற்போர்க்கு ஒரு வினா எழாமற் போகாது. மாண்ட மனிதரின் உயிரை அவர்கள் எந்தப் பேரேட்டில், வரவிலா செலவிலா எழுதினார்கள்?

இவ்வினாவை இன்று மருத்துவ உலகமும் கேட்கின்றது. "இத்தனை ரூபாய் செலவிட்டால் எத்தனை உயிர் பிழைக்கும்? பிழைத்தவர் எத்தனை ஆண்டு, எவ்விதமாக வாழ்வர்?" என்று பொருளாதார அறிஞர் கணக்கிடுகின்றனர். கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளம் கூசுகின்றது. உயிர் இறைவன் தந்த கொடையன்றோ? அதற்கு விலை குறிப்பதா? ஆனால் சற்றுப் பொறுமையோடு நோக்கின், அக்கணக்கு ஏழைகளுக்கு எதிரானதன்று; பல இடங்களில் அவர்கள் சார்பில் வாதாடும் சாட்சியாகவே நிற்கின்றது. புற்றுநோயை முன்னரே கண்டறியும் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு, இக்கூற்றை இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். கணக்குப் பார்ப்பவர் அறிஞர் மட்டுமல்லர். ஒவ்வொரு குடும்பமும் பார்க்கின்றது. விடியலில் கரையேறும் மீனைக் கூடையிலெடுத்து விற்கப் போகும் தாய், "இன்று மருத்துவமனைக்குப் போனால் இன்றைய வியாபாரம் போயிற்று" என்று எண்ணுகிறாள். அதுவும் ஒரு பொருளாதாரக் கணக்கே. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெண்ணை நாம் அறிவோம். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்தி, மருத்துவர் பலரிடம் சென்று, தன் உடைமை முழுவதையும் செலவழித்தும் குணமின்றி, முன்னிலும் கேடுற்றவள் அவள். நோயின் துன்பத்தோடு செலவின் துன்பத்தையும் சேர்த்தே நற்செய்தியாளர் எழுதியிருப்பது கருதத்தக்கது. நோய் உடலை மட்டும் தின்பதில்லை, வீட்டையும் தின்கின்றது.

அறிஞர் கையாளும் அளவுகோலை இனிக் காண்போம். வெறும் ஆயுளை எண்ணினால் போதாது, அந்த ஆயுள் எத்தகையது என்பதையும் எண்ண வேண்டும் என்னும் கருத்து 1970களில் வலுப்பெற்றது. 1985இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஆலன் வில்லியம்ஸ், இதய அறுவை மருத்துவத்தை இம்முறையில் அளந்து கட்டுரை எழுதினார். முழு நலத்தோடு வாழும் ஓராண்டிற்கு மதிப்பு 1, இறப்பிற்கு 0. வலியோடும் இயலாமையோடும் கழியும் ஆண்டு இவ்விரண்டிற்கும் இடையே ஓரிடம் பெறும். பாதி மதிப்புள்ள பத்து ஆண்டுகள், முழு நலமுள்ள ஐந்து ஆண்டுகளுக்குச் சமம் என்பது கணக்கு. இதனை 'நலவாழ்வாண்டு' என்று நாம் அழைப்போம்.

அம்மதிப்பை எவ்வாறு அறிவது? ஐரோப்பிய ஆய்வாளர் குழுவொன்று 1990இல் வெளியிட்ட வினாத்தாள் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அது கேட்பவை ஐந்தே: நடமாட முடிகிறதா? குளிக்கவும் உடுத்தவும் தாமே இயலுமா? அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா? வலி உண்டா? மனக்கவலை உண்டா? இவ்விடைகளுக்கு உரிய மதிப்பை நம் நாட்டு மக்களையே கேட்டு வகுத்த பட்டியல் 2022இல் வெளிவந்தது. எந்த மருத்துவ முறைக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம் என்று இவ்வாறு ஆராய்வதற்கென நடுவண் அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை 2017இல் தனி அமைப்பொன்றையும் நிறுவியது.

இனி நோய்க்கு வருவோம். கருப்பை வாய்ப் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களைத் தாக்கும் நோய்களுள் கொடியது. 2020ஆம் ஆண்டிற்கான உலக மதிப்பீட்டின்படி, அவ்வொரே ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,24,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர்; ஏறத்தாழ 77,000 பேர் இறந்தனர். சென்னையில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு வைக்கப்படுகின்றது. தொடக்கத்தில் பெண்களிடையே முதலிடம் வகித்தது இந்நோயே. பின்னர் அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. எனினும், முறையான பரிசோதனையால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய ஒரு நோயால் இத்தனை தாய்மார் இறப்பது பெருந்துயரம்.

நம் கரையோரத்தில் புற்றுநோய் என்றதும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுட்டிப் பேசுவோர் உண்டு. அது வேறு வினா. அதனை இங்கே கலக்க வேண்டுவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. இதனைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இக்கிருமி தாம்பத்திய உறவின் வழியே தொற்றுவது. மிகப் பரவலாகக் காணப்படும் இது, பெரும்பாலோரிடம் தானாகவே மறைந்துவிடும்; சிலரிடம் மட்டும் பல்லாண்டு தங்கிப் புற்றாக மாறும். ஆகையால் இந்நோய் கண்ட பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிக் கிசுகிசுப்பது பெரும்பாவம். கணவனுக்கு உண்மையாக வாழ்ந்த இல்லத்தரசிக்கும் இது வரும். வெட்கத்தினால் மறைத்து வைக்கப்படுவதே இந்நோயின் பலம்.

கிருமி தொற்றியதிலிருந்து புற்று முற்றுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். இந்த இடைக்காலமே இறைவன் நமக்கு அளித்த அவகாசம். புற்றுக்கு முந்திய நிலையிலேயே கண்டால், எளிய மருத்துவத்தால் அவ்விடத்தை நீக்கிவிடலாம்; கருப்பையை இழக்க வேண்டியதில்லை.

இதனைச் செய்து காட்டியது நம் தமிழ்நாடே என்பது பலர் அறியாத செய்தி. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களே அதில் பங்குபெற்றோர். கையாண்ட கருவியோ மிக எளியது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் நோக்குவர். கெட்டுப்போன இடம் வெண்மையாகத் தோன்றும். ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை, முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. குறை காணப்பட்டவர்களுள் தகுந்தவர்க்கு, அவ்விடத்தைக் குளிரால் உறையச் செய்து நீக்கும் சிகிச்சையும் அளிக்கப்பட்டது.

2007இல் வெளிவந்த முடிவு உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைக் காட்டிலும், நோய் நூற்றுக்கு 25 பங்கும், அதனால் விளையும் இறப்பு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த சோதனையின் விளைவு இது.

எனினும், அவ்வெண்களுக்குள் மறைந்திருக்கும் வேறு சில எண்களை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர் 31,343 பேர். ஏறத்தாழ பதினெண்ணாயிரம் பேர் வரவேயில்லை. வந்தவருள் 1,874 பேருக்குப் புற்றுக்கு முந்திய நிலை காணப்பட்டது. அவர்களுள் சிகிச்சை பெற்றவர் நூற்றுக்கு 72 பேர். எஞ்சிய 28 பேர் என்ன ஆனார்கள்? குறை இருப்பது தெரிந்தும் அவர்களுக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. அத்தனை முயற்சியோடு நடந்த ஆய்விலேயே இந்நிலை என்றால், மற்ற இடங்களைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கேதான் பொருளாதார அறிஞரின் கணக்கு நமக்கு ஒரு பேருண்மையைச் சொல்லித் தருகின்றது. 2005இல் இந்தியா, கென்யா, பெரு, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளுக்கான ஆய்வொன்று அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. பலவகைப் பரிசோதனைகளை நிறுத்துப் பார்த்த அவ்வறிஞர்கள், 35 வயதில் ஒரே முறை பரிசோதித்தாலும், ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 25 முதல் 36 பங்கு வரை குறையும் என்று கண்டனர். காப்பாற்றப்படும் ஒவ்வோர் ஆண்டு ஆயுளுக்கும் ஆகும் செலவு 500 டாலருக்கும் குறைவு. எந்த முறை மிகுந்த பயன் தந்தது? நுட்பம் மிகுந்த முறையன்று. விலை மிகுந்த முறையுமன்று. பெண் மருத்துவமனைக்கு வர வேண்டிய நடைகள் எந்த முறையில் மிகக் குறைவோ, அந்த முறையே. பரிசோதனைக்கு ஒரு நடை, முடிவறிய ஒரு நடை, சிகிச்சைக்கு ஒரு நடை என்று மூன்று நடை வைத்தால், ஒவ்வொரு நடையிலும் சிலர் விட்டுப்போவர். ஒன்றிரண்டு நடையில் முடித்தால் எல்லாரும் கரை சேர்வர்.

பரிசோதனையின் உண்மையான விலை மருந்துக்கடையில் இல்லை, வழியில் இருக்கின்றது. பேருந்துக் கட்டணம், இழந்த அன்றைய வருமானம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், "எங்கே போய் வருகிறாய்?" என்னும் கேள்வி, உள்ளத்து நாணம் ஆகிய இவையே விலை. அரசு கட்டணமின்றிச் செய்தாலும் இவ்விலை நீங்குவதில்லை.

இந்த நடைக் கணக்கை நம் ஊருக்கே போட்டுப் பார்ப்போம். முன்னரே கண்டறிந்தால் ஒன்றிரண்டு நடை. கண்டறியாமல் விட்டு நோய் முற்றினால் கதிர்வீச்சு மருத்துவம் வேண்டியிருக்கும். அதற்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம், அதாவது 25 நடை. அதன்பின் உட்கதிர் சிகிச்சைக்குச் சில நடை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கி, டாக்டர் சாந்தா தம் வாழ்நாளெல்லாம் பேணிய புற்றுநோய் நிலையம் இருக்கின்றது. இரண்டும் ஏழைகளுக்குப் புகலிடங்களே. ஆனால் சதுரங்கப்பட்டினத்திலிருந்து எங்கே சென்றாலும் அறுபது, எழுபது கிலோமீட்டர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கும். உடன் செல்லும் கணவன் இழக்கும் கூலியை யார் ஏற்பது? அடகு வைத்த நகையை யார் மீட்பது? பள்ளியை விட்டுத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மகளின் படிப்பை யார் திருப்பித் தருவது? ஒரு நடைக்கு நாணியவர் இருபத்தைந்து நடைக்கு அழ நேரிடுகின்றது.

அப்படியானால் எல்லாப் பரிசோதனைகளையும் எல்லாரும் செய்துகொள்ளலாமா? கூடாது என்பதே அதே கணக்கின் விடை. இன்று தனியார் ஆய்வுக்கூடங்கள் பல, 'முழு உடல் பரிசோதனை' என்று விளம்பரம் செய்து, இரத்தத்தில் புற்று அறியும் சோதனைகளையும் சேர்த்து விற்கின்றன. நலமாயிருப்போர்க்கு அவை பயன் தரும் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் சுமார் 2 இலட்சம் பெண்களைக் கொண்டு சினைப்பைப் புற்றுக்கான இரத்தச் சோதனையைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். 2021இல் வெளிவந்த முடிவின்படி, அச்சோதனையால் இறப்பு குறையவில்லை. பயனற்ற சோதனை பணத்தை மட்டுமன்றி, நிம்மதியையும் பறிக்கும். வேண்டாத அறுவைக்கும் இட்டுச் செல்லும்.

யாருக்குச் செய்வது என்பதும் முக்கியம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாய்ப் புற்றுநோய்க்காக நடந்த ஆய்வில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே பரிசோதனையால் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எல்லாரையும் பரிசோதித்தால் ஓராண்டு ஆயுளைக் காக்க 835 டாலர் செலவாகும். அப்பழக்கம் உள்ளோரை மட்டும் பரிசோதித்தால் 156 டாலரே ஆகும் என்று 2009இல் கணக்கிட்டனர். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பாட்டியும், பீடி பிடிக்கும் தாத்தாவும் நம் வீட்டில் இருந்தால், வாயைத் திறந்து காட்ட வேண்டியவர் அவர்களே. மார்பகப் புற்றுக்காக மும்பையில் ஒன்றரை இலட்சம் பெண்களிடையே 1998 முதல் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்ததனால், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே இறப்பு நூற்றுக்கு 30 பங்கு அளவில் குறைந்தது. இளையோரிடையே அத்தகைய பயன் காணப்படவில்லை. கையும் கண்ணும் செய்யும் பணியை எந்திரமே செய்ய வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது சான்று.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு மீளுவோம். படுக்கையில் கிடக்கும் ஒருவரின் ஓராண்டைப் பாதி என்று எண்ணுவது முறையா? சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு அது உதவும்; மனிதரை ஒப்பிடுவதற்கு அதைப் பயன்படுத்துவது தகாது. நோயால் நலிந்த தாயின் வலி அவள் வாழ்வின் சுகத்தைக் குறைக்கலாம். அவள் மாண்பைக் குறைப்பதில்லை. பிறவியிலேயே கால் ஊனமுற்ற குழந்தைக்கு இக்கணக்கு எப்போதும் குறைந்த மதிப்பையே தரும். அதனைக் கொண்டு அக்குழந்தைக்கு மருத்துவம் மறுப்பின், கணக்கு கொடுமையாகிவிடும். இக்குறையை அத்துறை அறிஞரே எடுத்துப் பேசுகின்றனர். தராசு நல்ல பணியாள், அதைத் தலைவனாக்கிவிடலாகாது. எதை முன்னே செய்வது என்று அது காட்டட்டும். யாரைக் கைவிடுவது என்று அதனிடம் கேட்க வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது என்ன? தமிழக அரசு 2007இல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய கருப்பை வாய்ப் பரிசோதனை, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றிற்கும் சேர்த்துப் பரிசோதனை தொடங்கப்பட்டது. ஒரு பெண் 35 வயதிற்குள் ஒருமுறையும் 45 வயதிற்குள் மறுமுறையும் தரமான சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கு. மகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தாலும், அவள் வளர்ந்த பின் பரிசோதனை வேண்டும். தீட்டு நின்ற பின் இரத்தம் கண்டாலோ, இடைநாட்களிலோ உறவுக்குப் பின்னரோ இரத்தம் கண்டாலோ, பரிசோதனை முகாமுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மருந்தும் செவிலியரும் அரசு தருவது. வழிச் செலவைக் குறைப்பது நம் கையில் உள்ளது. ஒரு தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் ஒரே நாளில் சேர்ந்து சென்றால் நாணம் பாதியாகக் குறையும். கடல் கொந்தளித்துப் படகு இறங்காத நாளைத் தேர்ந்தால் இழக்கும் வருமானமும் குறையும். மரியாயின் சேனையினரும் மாதா சபையினரும் வீடுகளைச் சந்திக்கச் செல்கையில், "பரிசோதனைக்குப் போனீர்களா, அக்கா?" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. "மறுபடி வரச் சொன்னார்களா? நானும் கூட வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் விட்டுப்போன 28 பேர் நமக்குக் கற்பிப்பது இதுவே: முதல் நடைக்கு அழைப்பு போதும், இரண்டாம் நடைக்குத் துணை வேண்டும். சோதனையில் குறை காணப்பட்டது என்றாலே புற்று என்று பொருளன்று. அங்கே குறை காணப்பட்ட 3,088 பேருள் மிகப் பலருக்குப் புற்று இல்லை. இச்சொல்லை அச்சத்தில் இருக்கும் சகோதரியின் காதில் சொல்லுங்கள். ஊர் காதில் அவள் பெயரைச் சொல்லாதீர்கள்.

கணவன்மாருக்கும் ஒரு சொல். மனைவி பரிசோதனைக்குப் போகும் நாளில் சோற்றை நீங்களே வடித்து வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். அந்த அரை நாளின் வேலை எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. உங்கள் பிள்ளைகள் தாயோடு வாழும் ஆண்டுகளில் அது வரவாகும்.